குதிரையின் தலைமாட்டில் இரண்டு பரங்கிகள்

நேஸார் ஆளுநரின் லாயத்துக்கு அதிகாரி என்று பெயர் இருந்தாலும், மஷ்தி ஸஃப்தரின் அதிகாரத்துக்கு உட்பட்டு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குதிரைதான். ஐரோப்பாவில் போர் மூண்டபோது பதினெட்டு இருந்தன. ஈரான் இந்தச் சண்டையில் யார் பக்கமும் இல்லை என்று தெஹ்ரானிலிருந்து தந்தி வந்தது. வந்த மறுவாரமே ரஷ்யர்கள் நட்பின் பெயரால் ஏழு குதிரைகளைக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயர்கள் பாதுகாப்பின் பெயரால் ஆறு. கடைசியாக வந்த ஜெர்மன்காரர்கள் இஸ்லாத்தின் பெயரால் நான்கு. மிஞ்சியது ஆளுநரின் சொந்தக் குதிரை மொர்வாரீத், சாம்பல் நிறப் பெட்டை. சீருடை போட்ட எவனைக் கண்டாலும் கடித்துவிடுவாள். அதனால் மிஞ்சினாள்.

ஸஃப்தர் என்ற பெயருக்குப் பகைவரின் அணியைப் பிளப்பவன் என்று பொருள். ரொட்டிக் கடையில் நிற்கும் வரிசையைக்கூட அவர் இதுவரை பிளந்ததில்லை. ஐம்பது வயது, அதற்கேற்ற தொப்பை, அதைவிடப் பெரிய பயம். தன் பயத்தை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை. மறைக்கிற அளவுக்கு அது சின்னதாக இல்லை என்பார்.

1915 இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை, அவர் மொர்வாரீதின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தபோது, கம்பளி வியாபாரி வேஷத்தில் ஒரு வாலிபன் ஓடி வந்து குதிரையின் முன்கால்களுக்கு நடுவே விழுந்தான். விழுந்த வேகத்தில் தலைப்பாகை உருண்டது. உள்ளே வைக்கோல் நிறத்தில் தலைமுடி. விழுந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே கைகூப்பினான்.

"மாண்புமிக்க லாயத் தலைவரே! தங்கள் அசுவத்தின் நிழலில் அடியேன் தஞ்சம் புகுந்தேன்!"

ஸஃப்தர் சீப்பைக் கீழே போட்டுவிட்டார். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்த கவிஞர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். பெர்லினில் ஏதோ பள்ளிக்கூடத்தில் பழைய செய்யுட்களை மட்டும் வைத்துப் பாரசீகம் படித்தவன், லிண்ட்னர் என்ற ஜெர்மன் தூதன் என்பது பிற்பாடு தெரிந்தது.

வாசலில் குளம்புச் சத்தம். ஆங்கிலேயர்கள் கூலிக்கு அமர்த்தியிருந்த பலூச் சவாரிகள் நாற்பது பேர். அவர்களின் தலைவன் மீர் தோஸ்தேன் நிலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான்.

"மஷ்தி, அந்த ஜெர்மன்காரப் பய உள்ள இருக்கானா?"

"இருக்கான்."

"தலமாட்டுலயா, கால்மாட்டுலயா?"

"தலமாட்டுலதான்."

"கயித்தப் புடிச்சிருக்கானா?"

"ரெண்டு கையாலயும்."

"போச்சுடா!" என்று மீர் தோஸ்தேன் அங்கேயே குந்திவிட்டான்.

பெரிய மனிதரின் லாயத்தில் புகுந்து குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டவனைத் தொடக் கூடாது. கொலை செய்தவனாக இருக்கட்டும், வரி கட்டாதவனாக இருக்கட்டும், அவனாக எழுந்து போகும்வரை சாப்பாடு போட வேண்டியது குதிரைக்கு உடையவரின் கடமை. குதிரை திறந்த வெளியில் நின்றாலும் இதே சட்டம்தான், கடிவாளத்தைப் பிடித்தவன் பிழைத்தான். மீறித் தொட்டவனை அதன்பிறகு எந்தக் குதிரையும் வெற்றிக்குச் சுமந்து போகாது. குதிரை மேல் பிறந்து குதிரை மேல் சாகிற பலூச்சிகளுக்கு இதைவிடக் கொடிய சாபம் எது? ஆகவே நாற்பது பேரும் சதுக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கூடாரம் அடித்துக் காத்திருந்தார்கள். அவன் வெளியே காலை வைத்தால் தலை போய்விடும்.

ஸஃப்தரின் மனைவி கோலந்தாம் ரொட்டியும் மோரும் கொண்டுவந்தாள். வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது என்ன, இவ்வளவு வெளுப்பா இருக்கு? வெந்துச்சா, வேகலையா?"

"மெதுவாப் பேசு. பாரசீகம் புரியும் அவனுக்கு."

"புரியட்டும். காய்ச்சல் அடிக்குது பாருங்க மஷ்தி, பல்லு கடகடங்குது. சதுக்கத்துல நாப்பது துப்பாக்கி. நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"நானா? இவன் எந்திரிச்சுப் போறவரைக்கும் பயந்துக்கிட்டு இருக்கப் போறேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

பதினோரு நாள் அப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் ஈரான் அரசின் காவல்படையாக இருந்து ஜெர்மன்காரர்களின் பக்கம் சாய்ந்துவிட்ட ஜாண்டர்ம் படையினர் அறுபது பேர் வடக்கு வாசல் வழியாக ஊருக்குள் நுழைந்தார்கள். நுழைந்ததும் நேரே ஆங்கிலேயத் துணைத்தூதர் வீட்டுக்குப் போய்க் கதவை உடைத்தார்கள். துணைத்தூதன் பெட்டிக்ரூ பின்பக்கச் சுவரேறிக் குதித்து, இராத்தூக்க உடையோடு, ஒற்றைச் செருப்போடு, குதிரை லாயத்துக்குள் வந்து மொர்வாரீதின் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தான். சீருடை இல்லாததால் அவள் கடிக்கவில்லை.

அவனுக்கு நாற்பது வயது, சிவந்த முகம். கழுதை ஓட்டிகளிடம் பாரசீகம் கற்றுக்கொண்டவன். எந்த வார்த்தை மரியாதை, எந்த வார்த்தை வசவு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஸஃப்தரைப் பார்த்துப் பணிவோடு தலை குனிந்தான்.

"வணக்கம்டா கழுதைக்குப் பொறந்தவனே. உன் வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? இங்க கொஞ்சம் ஒதுங்கிக்கலாமாடா?"

"தாராளமா" என்றார் ஸஃப்தர். வேறென்ன சொல்வது?

அப்போதுதான் அவன் வைக்கோலில் சுருண்டு கிடந்த லிண்ட்னரைப் பார்த்தான். எட்டு மாதமாக அவன் வலைவீசித் தேடிய ஆள். லிண்ட்னர் கண்ணைத் திறந்து பார்த்தான். அவனும் எட்டு மாதமாக யாரை ஊரைவிட்டுத் துரத்தப் பாடுபட்டானோ அந்த ஆள், அரைமுழம் தள்ளி, செருப்பில்லாத காலை வைக்கோலுக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொர்வாரீத் நடுவில் நின்று கொள்ளு மென்றாள்.

இப்போது சதுக்கத்தில் இடப்புறம் தேநீர்க்கடை ஓரமாக ஜாண்டர்ம்கள். வலப்புறம் தொட்டி ஓரமாக பலூச்சிகள். பெட்டிக்ரூ வெளியே வந்தால் ஜாண்டர்ம்கள் சுடுவார்கள், லிண்ட்னர் வெளியே வந்தால் பலூச்சிகள் சுடுவார்கள். ஆனால் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள அந்த இரண்டு கூட்டத்துக்கும் மனமில்லை. பரங்கிகளுக்காக ஒரு பரங்கியைப் பிடிக்கலாம். பரங்கிகளுக்காகத் தானே சாவதென்றால் சம்பளம் ஒழுங்காக வந்திருக்க வேண்டும்.

உள்ளே ஒவ்வொருத்தனும் ஸஃப்தரைத் தன் நாட்டின் பக்கம் இழுக்கப் பார்த்தான். மற்றவன் தூங்கும்போது காதோரமாக வருவான்.

"லாயத் தலைவரே, எங்கள் பேரரசர் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்பதைத் தாங்கள் அறிவீர்களா?" என்றான் லிண்ட்னர்.

"நெசமாவா தம்பி?"

லிண்ட்னர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "அப்படிக் கூறுமாறு பணித்திருக்கிறார்கள்."

அடுத்த நாள் பெட்டிக்ரூ வந்தான். "டேய் கூமுட்டை, உலகத்துலயே அதிகமா முஸ்லிம்களை ஆளுறது எங்க ராஜாதான், தெரியுமா?"

"சந்தோசம் ஐயா. அவங்களைக் கேட்டீங்களா?"

பெட்டிக்ரூவும் கூரையைத்தான் பார்த்தான். நேஸாரில் கூரை பார்க்காத தூதன் இல்லை.

மூன்றாம் நாள் லிண்ட்னருக்குக் காய்ச்சல் ஏறிப் பிதற்றத் தொடங்கினான். பெட்டிக்ரூ தன் இராத்தூக்க உடையின் பையிலிருந்து கொயினா மாத்திரைப் புட்டியை எடுத்து ஸஃப்தரிடம் நீட்டினான்.

"இதை அவன் வாயில போடுடா. நட்பெல்லாம் ஒண்ணும் இல்ல. பல்லு அடிக்கிற சத்தத்துல எனக்குத் தூக்கம் வரல."

காய்ச்சல் விட்டதும் லிண்ட்னர் எழுந்து, பழைய சேணத் தோலை வெட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக ஒரு செருப்பு தைத்தான். அதைப் பெட்டிக்ரூவின் பக்கமாக வைக்கோல் மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நன்றியுரைக்க வேண்டா. வெறுங்காலைக் காண எனக்குச் சகிக்கவில்லை."

கோலந்தாம் இதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "ரெண்டும் நல்ல பிள்ளைங்க மஷ்தி. வெளிய எவனோ சொல்லிக்கொடுத்துக் கெட்டுப்போச்சுங்க" என்றாள். அவளைப் பொறுத்தவரை உலகப்போர் அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆப்கூஷ்த் குழம்பில் கறித்துண்டு இரண்டு கூடுதலாக விழுந்தது. ஸஃப்தரின் தட்டில் இரண்டு குறைந்தது.

ஆறாம் நாள் மாலை ஆளுநரிடமிருந்து ஸஃப்தருக்கு அழைப்பு வந்தது. ஆளுநரான இளவரசர் ஜஹான்பக்ஷ் மீர்ஸா, ஊர் வாயில் ஷாஸ்தே, கீல்வாதக் காலை வெந்நீர்த் தொட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் குதிரையேறி நான்கு வருஷமாயிற்று. முகம் அழுதமாதிரி இருந்தது.

"ஸஃப்தர், நாளைக்கு நடுப்பகல்ல மொர்வாரீதை அரண்மனை வாசலுக்குக் கொண்டுவா. நான் சவாரி போகணும்."

"ஷாஸ்தே, உங்க கால்..."

"கால் கிடக்கட்டும். கொண்டுவா."

ஸஃப்தர் குனிந்து வெந்நீரை மாற்றினார். காலைப் பிடித்துவிட்டார். காலைப் பிடித்துவிட்டால் இளவரசருக்கு எதையும் மறைக்க வராது. முப்பது வருஷப் பழக்கம்.

"ஸஃப்தர், நான் கெட்டவன் இல்ல. பயந்தவன்."

"தெரியும் ஷாஸ்தே. நானும்தான்."

"மீர் தோஸ்தேன் வந்தான். ஜெர்மன்காரனைக் கொடுக்கலைன்னா இங்கிலீஷ் பட்டாளம் வந்து ஊரைக் கொளுத்தும்னான். அப்புறம் கேப்டன் ஹெஷ்மத் வந்தான், ஜாண்டர்ம் தலைவன். இங்கிலீஷ்காரனைக் கொடுக்கலைன்னா அவனே கொளுத்துவானாம். தெஹ்ரானுக்குத் தந்தி கொடுத்தேன். 'நடுநிலை காக்கவும், படை அனுப்ப இயலாது'ன்னு பதில். நான் என்ன பண்ணுவேன்? தஞ்சம் புகுந்தவனை நான் பிடிச்சுக் கொடுக்கக் கூடாது. ஆனா குதிரை வெளிய போயிட்டா லாயம் வெறும் கொட்டகைதானே? கொட்டகைக்குள்ள யார் வேணும்னாலும் போகலாமே? மீர்கிட்ட ரகசியமாச் சொன்னேன், நாளைக்கு நடுப்பகல்னு."

"கேப்டன்கிட்ட?"

இளவரசர் தண்ணீரைப் பார்த்தார். "அவன்கிட்டயும் ரகசியமாத்தான் சொன்னேன்."

ஸஃப்தர் காலைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார். நாளை நடுப்பகலில் அவர் கையாலேயே குதிரையை அவிழ்த்துக்கொண்டு போக வேண்டும். அடுத்த நொடி இந்தப்பக்கம் அறுபது, அந்தப்பக்கம் நாற்பது. அந்த இரண்டு பிள்ளைகளும் வைக்கோலில். உத்தரவை மீறினால் தன் தலை. மீறாவிட்டால் அவர்கள் தலை. லாயத்துக்குள் போனபோது இருவரும் தரையில் கட்டம் கிழித்துக் கொள்ளுமணிகளை வைத்து ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏமாத்துறான்டா இவன்" என்றான் பெட்டிக்ரூ.

"இவர் கூறுவது அவதூறு" என்றான் லிண்ட்னர்.

ஸஃப்தர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளதைச் சொன்னார். இருவரும் கையிலிருந்த கொள்ளைக் கீழே வைத்தார்கள்.

"ஐயா, உங்க ஆளுங்களை விலகிப்போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதுங்க. தம்பி, நீயும் எழுது. முடிஞ்சுது கதை" என்றார் ஸஃப்தர்.

"எழுதினா என்னைத் தூக்குல போட்டுருவாங்கடா. எதிரிக்கு உதவின தூதன்னு."

"எனக்கும் அஃதே" என்றான் லிண்ட்னர்.

"அப்ப நான்தான் ஏதாச்சும் பண்ணணும்னு சொல்றீங்க."

இருவரும் தலையாட்டினார்கள். அவர்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

ஸஃப்தர் வெகுநேரம் மொர்வாரீதின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு திடீரென்று திரும்பி, "ஷாஸ்தே என்ன சொன்னாரு? குதிரையக் கொண்டுவான்னாரு. அவ்வளவுதானே? குதிரையோட எது ஒட்டிக்கிட்டு வருதுன்னு அவரு ஒண்ணும் சொல்லலையே?" என்றார். சொல்லிவிட்டுத் தானே பயந்துபோனார்.

மறுநாள் காலையில் திட்டம் போட்டார். இடப்புறம் ஜாண்டர்ம்கள், ஆகவே அவர்களின் கூட்டாளி லிண்ட்னர் குதிரையின் இடப்புறம் நடப்பான். வலப்புறம் பலூச்சிகள், ஆகவே பெட்டிக்ரூ வலப்புறம். இருவர் கையும் கடிவாளத்தில். ஒவ்வொருத்தனுக்கும் அவன் எதிரிக்கும் நடுவே குதிரையின் உடம்பு. அற்புதமான திட்டம். ஆனால் இதைக் கணக்குப் போட்டபோது ஸஃப்தர் குதிரையின் முகத்தைப் பார்த்து நின்றிருந்தார். வாழ்நாள் முழுக்கக் குதிரையை அப்படியே பார்த்துப் பழகியவர். லாயத்தைவிட்டு வெளியே வந்து சதுக்கத்தின் பக்கம் திரும்பி நான்கு அடி வைத்ததும்தான் தெரிந்தது, எல்லாம் தலைகீழ். பலூச்சிகளின் நாற்பது துப்பாக்கிக்கு எதிரே மார்பைக் காட்டிக்கொண்டு லிண்ட்னர். ஜாண்டர்ம்களின் அறுபது துப்பாக்கிக்கு எதிரே இராத்தூக்க உடையில் பெட்டிக்ரூ.

"டேய் பன்னிக்குப் பொறந்தவனே," என்றான் பெட்டிக்ரூ மெதுவாக, "இடம் மாறிப்போச்சுடா."

"தெரியுது ஐயா. கயித்த விட்டுராதீங்க. எல்லாம் என் மூளைதான்."

பலூச்சிகள் எழுந்தார்கள். மீர் தோஸ்தேன் துப்பாக்கியைத் தோளில் வைத்தான். லிண்ட்னரின் தலையைப் பார்த்தான். தலையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து கடிவாளத்துக்கு அவன் பார்வை இறங்கியது. துப்பாக்கியும் கூடவே இறங்கியது.

"மஷ்தி, இது போங்கு!" என்று கத்தினான்.

"நான் என்னய்யா பண்ணேன்? ஷாஸ்தே குதிரை கேட்டாரு, கொண்டுபோறேன்."

"ரெண்டு பரங்கி தொங்குறானுங்களே!"

"ஈ மொய்க்குதுன்னு வெச்சுக்கயேன்!"

பலூச்சிகளில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அதற்குள் மறுபக்கத்திலிருந்து கேப்டன் ஹெஷ்மத் பாய்ந்து வந்தான். அவன் படித்தவன். ஸ்வீடன்காரர்களிடம் பயிற்சி பெற்றவன். "இதெல்லாம் கிழவிகளின் நம்பிக்கை! பிடியுங்கடா அந்த இங்கிலீஷ்காரனை!" என்று உத்தரவு போட்டான்.

அவனுடைய ஆட்களுக்கு ஸ்வீடன்காரர்கள் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆளுநரின் குதிரை கடந்துபோனால், மேலே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரிசையாக நின்று துப்பாக்கியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து மரியாதை செய்ய வேண்டும். மொர்வாரீதைக் கண்டதும் அறுபது ஜோடிக் குதிகாலும் ஒரே சத்தத்தில் சேர்ந்தன. இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கும்போது யாரை எதைக் கொண்டு பிடிப்பது? கேப்டன் தானே பிடிக்க வந்தான். அவன் தோள்பட்டையின் பொன் குஞ்சத்தை மொர்வாரீத் கவ்வி இழுத்து, மென்று, பிடிக்காமல் துப்பினாள்.

அரண்மனை வாசலில் இளவரசர் தடியை ஊன்றி நின்றிருந்தார். லாயத்தை விட்டுக் குதிரை வந்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தவர், குதிரையோடு வந்தவர்களைப் பார்த்தார். பின்னாலேயே வந்து நின்ற இரண்டு கூட்டத்தையும் பார்த்தார். சதுக்கம் முழுக்க ஊர் ஜனம்.

மீர் முந்திக்கொண்டான். "ஷாஸ்தே, எனக்கு வாக்குக் கொடுத்திருக்கீங்க."

"எனக்கல்லவா கொடுத்தார்!" என்றான் கேப்டன்.

சதுக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இளவரசரின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. இனி ஒரு சொல் போதும். சட்டத்தை மீறி "கயிற்றை விடுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த இருவரையும் காக்க யாரும் இல்லை. ஸஃப்தர் அவரையே பார்த்தார். வாயைத் திறந்து எதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"என்ன முறைக்கிறே?" என்றார் இளவரசர். "ஏத்திவிடு என்னை."

"ஷாஸ்தே?"

"சவாரி போகணும்னு சொன்னேனா இல்லையா? ஏத்து."

அவரை ஏற்றுவது எளிதாக இல்லை. ஸஃப்தர் இடுப்பைப் பிடித்தார். பெட்டிக்ரூ ஒரு கையைக் கயிற்றில் வைத்துக்கொண்டு மறுதோளை அவருக்கு அடியில் கொடுத்தான். லிண்ட்னர் நல்ல காலைத் தூக்கி மறுபக்கம் போட்டான். "மெதுவாடா கெழவா, விழுந்து தொலைக்காதே" என்றான் பெட்டிக்ரூ உயர்ந்த மரியாதையோடு. இளவரசர் ஒருமுறை அலறினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு வருஷத்துக்குப் பிறகு உலகம் அவருக்கு மேலிருந்து தெரிந்தது.

"எங்க போகணும் ஷாஸ்தே?"

"கல்பாலத்துக்கு. அதுவரைக்கும்தான் என் ஆட்சி. அதுவரைக்கும் என் குதிரையைப் பிடிச்சவன் என் விருந்தாளி. எவனுக்காவது ஆட்சேபணை இருந்தா தெஹ்ரானுக்குத் தந்தி கொடுக்கட்டும்."

கல்பாலம் ஒரு ஃபர்ஸங் தூரம், நடந்தால் ஒன்றரை மணி நேரம். குதிரை நடந்தது. பரங்கிகள் இருபுறமும் நடந்தார்கள். பாதையின் ஒரு ஓரமாக ஜாண்டர்ம்கள், மறு ஓரமாக பலூச்சிகள், யார் எப்போது கயிற்றை விடுவான் என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். பாதி வழியில் ஜாண்டர்ம்களின் பூட்ஸ்கள் வாயைப் பிளந்தன. நொண்டி நடந்த இரண்டு பேரை பலூச்சிகள் தங்கள் குதிரைகளில் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். கேப்டன் ஹெஷ்மத் அதைப் பார்க்காததுபோலக் குஞ்சம் போன தோளைத் தடவிக்கொண்டு வந்தான்.

பாலத்தடியில் ஆறு வற்றிக் கிடந்தது. பாலத்தின் நடுவில் எல்லைக் கல். அதைத் தாண்டியதும் பாதை வடக்கே ஒன்றாகவும் தெற்கே ஒன்றாகவும் பிரியும். ஜாண்டர்ம்கள் வடக்குப் பாதையை மறித்தும் பலூச்சிகள் தெற்குப் பாதையை மறித்தும் நின்றார்கள். மொர்வாரீத் கல்லருகே நின்றாள்.

"இதுக்கு மேல என்னால முடியாது, பிள்ளைங்களா" என்றார் இளவரசர்.

லிண்ட்னர் தன் ஆட்களிடம் போய்ச் சேர முப்பதடி நடக்க வேண்டும். பெட்டிக்ரூவுக்கும் முப்பதடி. முதலில் விடுகிறவன் வெட்டவெளியில் தனியாக இருப்பான்.

"மூணு எண்ணுறேன். ரெண்டு பேரும் ஒண்ணா விடுங்க" என்றார் ஸஃப்தர். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

இருவரும் விடவில்லை.

"ஏன் விடல?"

"அவன் விடலியேடா."

"அவர் விடுவார் என்று காத்திருந்தேன்."

மறுபடி எண்ணினார். மறுபடியும் விடவில்லை. மூன்றாம் முறை எண்ணும்போது ஸஃப்தருக்குக் குரலே உடைந்துவிட்டது. ஆறு நாள் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னுமா என்று இருந்தது. பதினெட்டு நாள் பயந்ததெல்லாம் வீணா?

பெட்டிக்ரூ அவர் முகத்தைப் பார்த்தான். "சரிடா, அழாதே" என்றான். கயிற்றை விட்டான். தன் ஆட்களின் பக்கம் போகவில்லை. குதிரையைச் சுற்றி மறுபக்கம் வந்து லிண்ட்னரின் தோளில் கையைப் போட்டான். "வாடா, நான் கொண்டுவிடுறேன். என் பயலுக என்னைச் சுட மாட்டானுங்க." பலூச்சிகளின் துப்பாக்கிக்கும் லிண்ட்னருக்கும் நடுவே தன் உடம்பை வைத்துக்கொண்டு முப்பதடி நடந்து ஜாண்டர்ம்களிடம் அவனைச் சேர்த்தான்.

சேர்த்ததும் கேப்டன் ஹெஷ்மத்தின் கை அவன் கழுத்தில் விழுந்தது.

"விடுங்கள் அவரை!" என்று லிண்ட்னர் கத்தினான். "இவர் என்னை வழியனுப்ப வந்த விருந்தினர்." கேப்டனின் கையைத் தட்டிவிட்டு, பெட்டிக்ரூவின் கையைப் பிடித்து, அவனை மறைத்தபடி திரும்ப நடந்தான். குதிரையைக் கடந்து பலூச்சிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். இப்போது மீர் தோஸ்தேன் லிண்ட்னரின் கழுத்தைப் பிடித்தான்.

"தொட்டா தோலை உரிச்சுருவேன் நாயே!" என்றான் பெட்டிக்ரூ. அந்த வசவை மட்டும் அவன் பொருள் தெரிந்துதான் சொன்னான். "வந்த விருந்தாளியைத் தனியாவா அனுப்புறது?" என்று மறுபடி லிண்ட்னரோடு கிளம்பினான்.

இரண்டு பரங்கிகளுக்கும் ஈரான் பிடித்துவிட்டது என்று ஸஃப்தர் கண்டுகொண்டார். இது நம் ஊர் நோய். வாசல்வரை கொண்டுவிட வந்தவரை அவர் வீட்டு வாசல்வரை கொண்டுவிடாமல் நம்மால் திரும்ப முடியாது. சாகும்வரை நடக்கலாம். நான்காவது முறை அவர்கள் குதிரையைக் கடந்தபோது துப்பாக்கிகளெல்லாம் கீழே சாய்ந்திருந்தன. ஜாண்டர்ம்களும் பலூச்சிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேப்டன்கூட மீசையைக் கடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான்.

குதிரை மேலிருந்து இளவரசர் கத்தினார். "ஐயோ, என் கால் எரியுது! உங்கள்ல ஒருத்தராவது கொஞ்சம் மரியாதை இல்லாம நடந்துக்கங்களேன்!"

இருவரும் பாலத்தின் நடுவில் நின்றார்கள். லிண்ட்னர் நம் வழக்கப்படி பெட்டிக்ரூவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டான். பெட்டிக்ரூவின் காது மிளகாயாகச் சிவந்தது. பிறகு ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி, பெரும் அவமரியாதையோடு, தத்தம் பக்கம் நடந்தார்கள். பாதியில் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல வேகம் கூட்டினார்கள்.

"இப்பச் சுடலாமா?" என்று கேப்டன் கேட்பது ஸஃப்தருக்குக் கேட்டது.

"கதிரவன் கண்ணைக் கூசச் செய்கிறான்" என்றான் லிண்ட்னர். சூரியன் மேகத்துக்குள் இருந்தது.

மறுபக்கம் பெட்டிக்ரூவின் குரல்: "குதிரைங்களுக்கு முதல்ல தண்ணி காட்டுங்கடா!" ஆறு வற்றிக் கிடந்தது. பலூச்சிகள் தண்ணீர் தேடித் தெற்கே போனார்கள்.

அடுத்த மாதம் இரண்டு தூதரகங்களிலிருந்தும் தெஹ்ரானுக்குப் புகார் போனது. நேஸார் ஆளுநர் எதிரிக்கு அப்பட்டமாக உதவினார் என்று இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். அமைச்சர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தங்கள் நடுநிலை மனநிறைவு அளிக்கிறது என்று ஆளுநருக்குத் தந்தி அடித்தார்.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. தூசி அடங்கும்வரை ஸஃப்தர் பாலத்தில் நின்று இரண்டு பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மொர்வாரீதைத் திருப்பினார்.

"ஸஃப்தர்."

"ஷாஸ்தே."

"ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தேன். ரெண்டையும் காப்பாத்தல."

"ஆமா."

"ரொம்ப நல்லா இருக்குடா இது" என்றார் இளவரசர். கண்ணில் நீர் நின்றது, வலியா வேறா என்று ஸஃப்தர் கேட்கவில்லை. ஊர் எல்லைச் சுவர் தெரிந்ததும் இளவரசர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அரண்மனைக்கு நேராப் போகாதே. கடைத்தெரு வழியாச் சுத்திக்கிட்டுப் போ. மெதுவா. ஜனங்க பார்க்கட்டும்."

"கால் தாங்குமா?"

"தாங்காது. போ."

ஸஃப்தர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குத் திரும்பினார்.